முந்நூற்று இருபது தட்டு

1

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. சாங்ஷாவில், எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் அரிசி நூடுல்ஸ் கடையில், காலை ஏழரை மணி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யீ லான் என்கிற பெண்மணியிடமிருந்து எடுத்தது. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சிரித்துக்கொண்டே போனேன். மிளகாய் எண்ணெய் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டி, கடைக்காரர் ஓடிவந்து முதுகில் தட்டும்படி ஆயிற்று.

"இதை எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டேன், மூச்சு திரும்பியதும்.

"எழுதேன். ஆனா எந்த மொழியில?"

"தமிழ்ல."

"அப்ப சரி. எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியாது" என்றாள் லான்.

(நேரில் அக்கா, கதையில் அவள். இதற்குத் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறேன். "உங்க மொழியில மரியாதைக்கு ஒரு எழுத்து கூடுமாமே, என்னைச் சொல்றப்ப அதைப் போடாதே, வயசான மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.)

நான் இந்த ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது பிழைப்பு. 'இந்தப் பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, எந்தப் பொத்தானையும் சரியான வரிசையில் அழுத்தாத ஒருத்தியின் கதை கிடைத்தால் தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்? அந்தக் கிறுகிறுப்பு இன்னும் இறங்கவில்லை. எழுத்தில் அங்கங்கே தள்ளாட்டம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: *ஷியாங் ஆற்றின் மேல் கோடை வெயில் உருகிய உலோகம்போல் தகதகத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்...*

கைவிட்டேன். இந்தக் கதையில் எந்த உலோகமும் உருகுவதில்லை. உருகாமல் இருப்பதுதான் விஷயமே.

இரண்டாம் தொடக்கம்: *இரண்டு உலோகங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று பிடிக்காது. ஒரு நாள்...*

இதையும் கைவிட்டேன். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாம் தொடக்கம்: *புட்டுக்குழாயைப் பார்த்திருக்கிறீர்களா?*

இது நிற்கட்டும். புட்டுக்குழாயில் மாவு ஒரு அடுக்கு, தேங்காய் ஒரு அடுக்கு என்று நிரப்புகிறோம் இல்லையா? லானுடைய வேலையும் கிட்டத்தட்ட அதுதான். குழாய்க்குப் பதில் கிராஃபைட் அச்சு. கறுப்பாக, கனமாக, கையில் மை ஒட்டும். மாவுக்குப் பதில் உலோகப் பொடி. அடியில் நிக்கல் கலவை, நடுவில் நியோபியம், மேலே டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கலவை. நிரப்பி, மேலும் கீழும் கட்டை வைத்து, காற்றில்லாத உலைக்குள் நிறுத்தி, இரண்டு பக்கமும் டன் கணக்கில் அழுத்திக்கொண்டே நடுவில் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சுவார்கள். பத்து நிமிடத்தில் ஆயிரத்து நூறு டிகிரியைத் தாண்டிவிடும். பொடி உருகாது. ஆனால் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாக, ஒரு வட்ட வில்லையாக ஆகிவிடும். இதற்கு சின்டரிங் என்று பெயர். லான் பதினோரு வருடமாக இதைச் செய்கிறாள்.

எதற்கு இந்தப் பாடு? நிக்கல் கலவை சூட்டுக்கு அசையாது, ஆனால் கனம். மற்றது அதில் பாதிக் கனம்தான், ஆனால் சட்டென்று நொறுங்கும். விமான எஞ்சினில் சூடான இடத்தில் சுழலும் ஒரு சக்கரத்துக்கு, நடுவில் நிக்கலும் ஓரத்தில் மற்றதும் இருந்தால் எடை குறையும். இரண்டையும் நேராக ஒட்டினால் சேரும் இடத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஒரு படலம் வளர்ந்துவிடும். அதனால்தான் நடுவில் நியோபியம். அதையும் மீறி, சூடு இறங்கும்போது நிக்கல் அதிகமாகச் சுருங்கும், மற்றவை குறைவாகச் சுருங்கும். ஒன்றை ஒன்று இழுக்கும். இழுத்து இழுத்து முந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது, மூடிய உலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும்.

டிக்.

அவ்வளவுதான். விரிசல் விழுந்தாயிற்று, அன்றைய நாள் முடிந்தது.

3

இப்போது இரண்டாம் தொடக்கத்தைக் கைவிட்ட காரணம். 'ஒன்றுக்கு ஒன்று ஒவ்வாத இரண்டு பேரைச் சேர்த்து வைப்பது' என்ற இடத்துக்கு உங்கள் மனசு ஏற்கனவே போய்விட்டது. என் மனசும் போனது. மூன்று பக்கம் எழுதிவிட்டேன்: லான் நிக்கலாம், அவள் கணவர் டைட்டானியமாம், நடுவில் நியோபியமாக ஒரு குழந்தையாம். அதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

லான் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"நிக்கலுக்கு மாமியார் உண்டா?"

"இல்ல."

"டைட்டானியம் ராத்திரி குறட்டை விடுமா?"

"விடாது."

"அப்புறம் எதுக்குடா சும்மா ரெண்டையும் போட்டுக் குழப்புற? உலோகம் உலோகமா இருக்கட்டும். என் வீட்டுக்காரர் பாட்டுக்கு மெட்ரோ ஓட்டிட்டு இருக்காரு, அவரை விட்டுடு."

மூன்று பக்கமும் குப்பைக்குப் போயிற்று. ஆகவே வாசகரே, நிக்கல் என்று வந்தால் நிக்கல்தான்.

4

இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆள் துவான் ஹெங். லான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறியாளர். வயது ஐம்பத்திரண்டு. எந்நேரமும் வாயில் பாக்கு. விரிசல் விட்ட வில்லைகளைத் தூக்கிப் போட மனசு வராமல் மேஜையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி வைத்திருந்தார். முப்பத்தேழு வில்லைகள். முப்பத்தேழு டிக்.

அவருக்கு ஒரே ஒரு மதம்தான் உண்டு. அது பதிவுத்தாள். எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், அச்சை ரப்பர் சுத்தியால் எத்தனை தட்டு என்று எல்லாம் அச்சடித்த தாளில் இருக்கும். அந்தந்தக் கட்டத்தில் சரி போட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

"எழுதினதைச் செய்யணும், செஞ்சதை எழுதணும்" என்பார். "மத்தபடி நீங்க உலைக்கு முன்னால தலைகீழா நின்னாலும் எனக்குக் கவலை இல்ல." யாராவது புதியவர் வந்தால் லானைக் காட்டி, "இவ தாளைப் பாத்துக் கத்துக்கோங்க. இவ சரி போட்டா அது சரி" என்று சொல்வார். போன வருடம் பக்கத்து உலையில் ஒருவர் எடை போடாமலே எடை எழுதினார் என்று தெரிந்தபோது, துவான் கத்தவில்லை. அந்த ஆளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தார்.

(இவரை எப்படி எழுதுவது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கறாரான மேலதிகாரி என்றால் வாசகர் உடனே வில்லன் என்று முடிவு கட்டிவிடுவார். 'ஆனால் உள்ளுக்குள் அவர்...' என்று ஒரு வாக்கியம் தொடங்கி நிறுத்தினேன். உள்ளுக்குள் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? வெளியே பாக்கு. அது மட்டும் நிச்சயம்.)

மே மாதம் ஒரு கடிதம் வந்தது. முப்பத்தேழு தோல்வி போதும், மாதக் கடைசியோடு திட்டத்தை மூடலாம் என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள் என்று. மூடினால் துவான் வேறு ஊருக்கு. உலை வேறு பிரிவுக்கு. லான் எங்கே என்று கடிதத்தில் இல்லை. உலை இயக்குபவர்கள் எங்கே என்று எந்தக் கடிதத்திலும் இருப்பதில்லை.

5

செவ்வாய்க்கிழமை.

அந்த வாரம் லானுக்குக் கடிதத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் சாயங்காலம் கூட்டமாக ஆடுவார்களே, அதில் அவள் பதினெட்டுப் பேர் கொண்ட குழுவில் இருந்தாள். சனிக்கிழமை போட்டி. முன்வரிசையில் ஆடும் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கிவிட, லானை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு நிமிடம் நாற்பது நொடிப் பாட்டு. பல் தேய்க்கும்போதும் அதுதான், பேருந்திலும் அதுதான். கால் நின்றால் தோள் ஆடும், தோள் நின்றால் தாடை ஆடும்.

காலையில் அவள் பொடியை எடை போட்டாள். அச்சின் உள்சுவரில் கிராஃபைட் தாளைச் சுற்றினாள். நிக்கல் பொடியைக் கொட்டிச் சமப்படுத்தினாள். அதன் மேல் நியோபியத்தைக் கொட்டினாள். தாளில் போட்டிருப்பது மூன்று தட்டு. ரப்பர் சுத்தியை எடுத்தாள். டொக், டொக், டொக்.

நான்காவது டொக் எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாட்டு அவளை எடுத்துக்கொண்டது. ஒன்று இரண்டு மூன்று நாலு, அஞ்சு ஆறு ஏழு எட்டு. இடது கால் பின்னே, வலது கால் குறுக்கே, திரும்பு, சுத்தி டொக். முழுப் பாட்டும் ஆடி முடித்துவிட்டு, டைட்டானியக் கலவையைக் கொட்டி, மூன்று தட்டுத் தட்டி, மூடி, உலையில் வைத்தாள். தாளில் 'தட்டு: 3' என்று அச்சடித்த கட்டத்தில், பதினோரு வருடப் பழக்கத்தில், சரி போட்டாள்.

சூடு ஏறியது. துவான் வந்து நின்றார். அன்றைக்கு அவர் சூடு இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்திருந்தார். ஐந்நூறு. நானூறு. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முந்நூறு. இருநூற்று ஐம்பது. துவான் தாடையை அசைக்காமல் நிறுத்தினார். பாக்குச் சத்தத்தில் டிக் கேட்காமல் போய்விடக் கூடாதே. நூற்றைம்பது. நூறு.

ஒன்றும் இல்லை.

திறந்தார்கள். அச்சிலிருந்து வில்லையைத் தள்ளி எடுத்து, ஒட்டியிருந்த கறுப்புத் தாளைச் சுரண்டிவிட்டு, துவான் அதை மேஜை விளிம்பில் லேசாகத் தட்டினார். ணங்ங் என்றது. விரிசல் இருந்தால் ஓட்டைச் சட்டி மாதிரி மொத்தென்று கேட்கும். இது கோயில் மணி.

*அப்போது துவான் ஹெங்கின் கண்களில்...* கைவிடப்பட்ட வாக்கியம். நடந்தது என்னவென்றால், அவர் பாக்கை விழுங்கிவிட்டார். விக்கினார். லான் அவர் முதுகில் தட்டினாள். விக்கலுக்கு நடுவிலேயே அவர் பக்கத்தில் இருந்த அழுத்த மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வில்லையை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மற்ற முப்பத்தேழிலும் நிக்கலுக்கும் நியோபியத்துக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. இதில் கோடே இல்லை. சீப்புப் பல்லுக்குள் சீப்புப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தது. விரிசல் ஓட நேர்வழி கிடைக்காது.

"குளிர்விக்கிற வேகம்!" என்று துவான் கூவினார். "வேகத்தைக் குறைச்சதும் பாரு, எப்படிப் பிடிச்சிருக்கு! லான், இங்க வா, பாரு!"

லான் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. துவான் அதற்குள் மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழு வந்து கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கும். ஒட்டினால் திட்டம் நீளும். விரிசல் விட்டால் மூடல்.

6

புதன்கிழமை முப்பத்தொன்பதாவது. அதே வேகம், அதே எடை. லான் நியோபியத்தைக் கொட்டிவிட்டுச் சுத்தியை எடுத்தாள். மூன்று தட்டினாள். நான்காவதுக்குக் கை தானாக எழுந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது: செவ்வாய்க்கிழமை கை மூன்றில் நிற்கவே இல்லை.

துவான் பக்கத்தில் நின்றார். கையை இறக்கினாள். மூடினாள்.

மதியம் இருநூற்றுத் தொண்ணூறு டிகிரியில் அது வந்தது.

டிக்.

துவான் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல், குளிர்விக்கும் வேகக் கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தார். மூன்று மணிக்கு லான் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது ஏழு தாள் நிரம்பியிருந்தது.

"நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றார் தலையைத் தூக்காமல். "உன் பக்கம் எதுவும் மாறல. உன் தாளை ரெண்டு தடவை பாத்துட்டேன்."

லானுக்குத் தேநீர்த் தட்டைக் கீழே போட்டுவிடலாம் போலிருந்தது. செவ்வாய்க்கிழமை போட்ட சரி வெறும் பழக்கம். புதன்கிழமை மூன்று மணிக்கு, அதே சரி, ஒரு எழுத்தும் மாறாமல், பொய்யாகிவிட்டது.

7

அவள் என்ன செய்தாள்? இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு வடிவங்கள் இருந்தன.

வடிவம் அ: அவள் உடனே துவானின் அறைக்குள் நுழைந்து, கண்ணீரோடு, "உண்மைதான் சார் முக்கியம்" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்குப் பேசுகிறாள்.

இதைப் படித்துக் காட்டியதும் லான் நூடுல்ஸ் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நானா? அவ்ளோ நல்லவளா? இந்தப் பொம்பளை யாரு, எனக்கு அறிமுகம் பண்ணி வையேன்!"

வடிவம் ஆ: அவள் கடைசி வரை வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை குழுவுக்கு முன் டிக். திட்டம் மூடப்படுகிறது. வருடங்கள் கழித்து...

"அதுவும் இல்ல" என்றாள். "நான் கெட்டவளும் இல்ல."

"அப்ப என்னதான் பண்ணே அக்கா?"

"திருட்டுத்தனமா சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

எழுத்தாளனுக்குத் தோன்றவே தோன்றாத, மனிதர்கள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம்.

வியாழக்கிழமை காலை, நாற்பதாவது. துவான் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் எண்களைப் பதிந்துகொண்டிருந்தார். லானின் திட்டம் எளிமையானது. மெதுவாக, சத்தமில்லாமல், பாட்டை மனசுக்குள்ளேயே ஓட்டி, முழுசும் தட்டிவிடுவது. அச்சுக்கு அடியில் துணி மடித்து வைத்தாள். டொப், டொப், டொப். முதல் எட்டு எண்ணிக்கை போயிற்று. இரண்டாவது எட்டு. ஆனால் பாட்டை மனசுக்குள் ஓட்டினால் உதடு அசைகிறது. உதட்டை இறுக்கினால் மூக்கு வழியாக வருகிறது. மூக்கை அடக்கினால் இடது கால் பின்னே போய் வலது கால் குறுக்கே வந்துவிடுகிறது. ஐந்தாவது எட்டில் அவள் திரும்ப வேண்டிய அசைவு. திரும்பினாள். எதிரே துவான்.

"என்ன பண்றே?"

"தட்டுறேன் சார்."

"எத்தனை தட்டு?"

லான் சுத்தியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கணக்கு போய்விடும். "பாட்டு முடியட்டும் சார், சொல்றேன்."

"எந்தப் பாட்டு?"

"குறுக்க பேசாதீங்க சார், எட்டு விட்டுப்போயிடும்!"

பதினோரு வருடத்தில் அவள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியில் அவர் நின்றுவிட்டார். மீதி முப்பத்தைந்து எட்டையும் அவர் முன்னாலேயே, தோள் குலுக்கல் உட்பட, ஆடி முடித்தாள். கடைசித் தட்டில் இரண்டு கையையும் மேலே விரிக்க வேண்டும். விரித்தாள். சுத்தியோடு. பிறகு அப்படியே நின்றபடி, கையைக்கூட இறக்காமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

துவான் சுவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"தட்டினதுக்கு நான் எதுவும் சொல்லல" என்றார் மெல்ல. "தட்டினா நல்லதுதான்போல. ஆனா சரின்னு போட்டியே. இப்ப நான் உன் பதினோரு வருஷத் தாளையும் எடுத்துவச்சு ஒவ்வொண்ணா சந்தேகப்படணுமா?"

அந்தக் கேள்வி லானுக்கு வலித்தது. என்னிடம் சொல்லும்போதும் இந்த இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

"மத்த எல்லாம் நிஜம் சார்" என்றாள். "முப்பத்தேழு விரிசலும் நிஜம். ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. பொய் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணுதான் ஒட்டிக்கிச்சு."

துவானின் தாடை அசைவது நின்றது. உதடு கோணியது. அவர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "ஒட்டிக்கிச்சா..." என்று ஆரம்பித்தவர் மேஜையில் கையூன்றிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லானும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு புதுத் தாளை எடுத்து வைத்தார்.

"சரி. மறுபடி முதல்லேருந்து ஆடு. நான் எண்ணுறேன்."

8

நான் ரொம்ப விரும்பி எழுதிய பகுதி இதுதான். ஆனால் சின்னது.

நாற்பதாவது வில்லை உலைக்குள் போனது. அது குளிரும் வரை, காலி அச்சை வைத்துக்கொண்டு ஒத்திகை. முதல் தடவை துவான் எண்ணியது முந்நூற்றுப் பதினேழு. இரண்டாம் தடவை முந்நூற்று இருபத்து நாலு. "ஒரு நிலையா நில்லு!" என்றார். "நின்னா வராது சார்" என்றாள். கைபேசியில் பாட்டைப் போட்டு, ஒரு எட்டுக்கு எட்டுத் தட்டு, மொத்தம் நாற்பது எட்டு என்று கணக்குப் போட்டார்கள். முந்நூற்று இருபது. அவரே சுத்தியை வாங்கித் தட்டிப் பார்த்தார். தாளத்துக்கும் அவருக்கும் நடுவே நியோபியம் போட்டாலும் ஒட்டாது.

"காலை முதல்ல பின்னால வைங்க சார்."

"எதுக்கு?"

"வைங்க."

வைத்தார். மூடிய கதவுக்குப் பின்னால், பாதுகாப்புக் கண்ணாடியும் வெள்ளை மேலங்கியுமாக, தலைமைப் பொறியாளர் இடது கால் பின்னே, வலது கால் குறுக்கே. ஆறாவது எட்டில் தட்டு சரியாக விழ ஆரம்பித்தது.

காரணமும் அவருக்குப் பிடிபட்டது. நிக்கல் துகள் பெரிசு, உருண்டை. நியோபியம் மாவு மாதிரி. மூன்று தட்டில் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தட்டத் தட்டத்தான் உருண்டைகளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். அதுதான் சீப்புப் பல்.

முந்நூறு டிகிரி கடந்தது. இருநூறு. டிக் இல்லை.

9

வெள்ளிக்கிழமை. குழுவின் தலைவி பேராசிரியர் வென், அறுபத்தெட்டு வயது. மூன்று திட்டங்களை ஒரே வாரத்தில் மூடியவர் என்று பெயர். வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், காகிதம் பறக்கிறது என்று. கூட வந்த நாலு பேரும் வியர்த்தார்கள்.

துவான் எழுந்தார். முந்தின ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த விளக்கம். முப்பத்தொன்பதாவது விரிசல் விட்டதை மறைக்காமல் சொன்னார். "அதன் பிறகு, பொடி அடுக்குகளுக்கு இடையே, கைமுறையிலான, சீரான இடைவெளியுடைய, நீடித்த இயந்திர அதிர்வை..." என்று போய்க்கொண்டே இருந்தார்.

"மேடம், அது பாட்டு" என்றாள் லான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"செவ்வாய்க்கிழமை தாள்ல மூணு தட்டுன்னு நான் சரி போட்டது பொய். நான் தட்டினது ஒரு முழுப் பாட்டு. சாருக்கு வியாழக்கிழமைதான் தெரியும். தப்பு என்னுது."

"என் பிரிவுத் தாள்" என்றார் துவான் அவசரமாக. "தப்பு என்னுது."

"சும்மா இருங்க சார், நான்தானே தட்டினேன்."

"கையெழுத்தை நான்தானே பாத்து ஏத்துக்கிட்டேன்?"

பேராசிரியர் வென் பேனாவால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. எந்தப் பாட்டு?"

லான் கைபேசியில் பாட்டைப் போட்டாள்.  நிக்கல், நியோபியம், சுத்தி. முதல் எட்டு தப்பியது. கால் அசைய மறுத்தது. ஐந்து அதிகாரிகள் முன்னால் யாருக்குத்தான் இடுப்பு வளையும்? இரண்டாவது எட்டும் தடுமாறியது. பாட்டை நிறுத்திவிட்டு நின்றாள். 

"குறுக்கே வைக்கிறப்ப குதிகாலை ஊன்றியிருக்கே" என்றார் பேராசிரியர் வென். "விரல் நுனியில வைக்கணும்."

"என்ன மேடம்?"

"நாங்க வடக்குப் பூங்காக் குழு. எங்களுக்கும் இதே பாட்டுத்தான். நாளைக்கு உங்களோட போட்டி." அவர் எழுந்து, மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, லானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பாட்டைப் போடு. முதல்லேருந்து."

நாற்பது எட்டு. லான் தட்டினாள், பேராசிரியர் வென் ஆடினார், துவான் உரக்க எண்ணினார். முப்பதாவது எட்டில் மற்ற நாலு பேரின் செருப்பும் தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது. கடைசியில் இரண்டு பெண்களின் கைகளும் ஒன்றாக மேலே விரிந்தன.

பிறகு உலை. பிறகு காத்திருப்பு. நானூறு. முந்நூற்றைம்பது. ஏழு பேர் ஒரு இரும்புக் கதவைச் சுற்றி, மூச்சு விடாமல். முந்நூறு. இருநூற்று எண்பது.

டிக்.

லான் கண்ணை மூடிக்கொண்டாள். துவானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"என் முட்டி" என்றார் பேராசிரியர் வென். "ஆடி முடிச்சா இப்படித்தான் சத்தம் போடும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சு இல்லை. இருநூறு. நூறு. திறந்தார்கள். வில்லையை எடுத்துப் பேராசிரியரின் உள்ளங்கையில் வைத்தார் துவான். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் அதை மேஜை விளிம்பில் தட்டினார்.

ணங்ங்.

உள்விரிசலைக் காட்டும் கேளா ஒலிக் கருவியை வைத்தும் பார்த்தார்கள். திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்தது தாள். துவான் புதிதாக அச்சடித்து வைத்திருந்ததில் எல்லாக் கட்டத்துக்கும் கீழே, 'நடைமுறையிலிருந்து மாறியவை' என்று ஒரு வெற்றிடம். லான் பேனாவை எடுத்தாள். இந்த முறை யோசித்தாள். முதல் இரண்டு எட்டு தப்பியதை எழுதினாள். பாட்டை நிறுத்தி மறுபடி போட்டதை எழுதினாள். எழுதினதைச் செய்யணும், செஞ்சதை எழுதணும். பிறகு கடைசியாக ஒரு சொல் சேர்த்தாள்:

*ஆடினேன்.*

கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினாள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியர் வென். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். ஒவ்வொரு வரியாக. பேனாவைத் திறந்து, லானுடைய சொல்லுக்கு நேர் கீழே, ஆய்வறிக்கை எழுதும் அதே நிதானமான கையெழுத்தில் எழுதினார்:

*நானும்.*

10

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. திட்டம் நீண்டதா, பொய்ச் சரிக்கு லானுக்குத் தண்டனையா, ஆய்வறிக்கையில் அவள் பெயர் சேர்ந்ததா, எல்லாம் அதில் இருக்கிறது. லான் எனக்குக் காட்டினாள். நான் எழுதவும் எழுதினேன். படித்துவிட்டுக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதைப் போடாதே. போட்டா கதை அந்தக் காகிதத்தோட கதையாயிடும்."

"வாசகர் கேப்பாங்க அக்கா."

"அவங்களையே எழுதிக்கச் சொல்லு. பேனா இருக்கும்ல?"

சனிக்கிழமைப் போட்டியில் ஜெயித்தது லானின் குழுவா வடக்குப் பூங்காவா என்று கேட்டேன். அதற்கும் பதில் சொல்லாமல், இன்னும் கொஞ்சம் மிளகாய் எண்ணெய் விட்டுக்கொண்டாள். (அவள் முகத்தைப் பார்த்து ஒரு ஊகம் இருக்கிறது. உங்களிடம் சொல்ல மாட்டேன்.)

ஆகவே வாசகரே, கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கறாராக எழுதுங்கள், கனிவாக எழுதுங்கள், கண்டனத்தையும் பாராட்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்புங்கள். மேலிடங்கள் அப்படியும் செய்வது உண்டு. போட்டியில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மின்விசிறி ஓடாத அந்த அறையில், ஒரு தாளைச் சுற்றி ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஏழு பேரும், திட்டங்களை மூடுகிறவரும் திட்டத்தில் மூழ்குகிறவரும் பொய்ச் சரி போட்டவளும் சேர்ந்து, மூச்சு முட்டும் வரை சிரித்தார்கள். அது நடந்தது. அதற்குச் சரி போட்டுக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.